பூ வைப்பதை நிறுத்தியவள்

திருத்தணியில் முடி டாக்டராக இருப்பது ஒரு வேடிக்கையான பிழைப்பு. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களில் பாதிப் பேர் தலையில் ஒரு முடி இல்லாமல், சந்தனத்தை அப்பிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துபோவார்கள். அதே தெருவில் மாடியில் என் கிளினிக். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளங்கை அகலத்துக்கு முடி போனதற்காக அழுதுகொண்டிருப்பார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துப் பார்த்தே என் காலம் போயிற்று. சாமிக்குக் கொடுத்த முடிக்கும், தானாகப் போன முடிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்த ஜன்னலில்தான் படித்தேன்.

இப்போது கிளினிக்கை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிறேன். காலையில் செய்தித்தாளைப் பிரிக்கும்போது இரண்டு கட்டைவிரல்களும் தாமாகவே வகிடு எடுப்பதுபோல் தாளை விலக்குகின்றன. முதலில் சிரிப்பு வரும். பிறகு ஏக்கமாகிவிடும். ஒரு தலை வேண்டுமென்று விரல்கள் ஏங்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், போங்கள், வேறு வேலை இல்லையா என்று கேட்டிருப்பேன்.

தோல் மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், தழும்பு வழுக்கையைப் பற்றி அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதச் சொன்னீர்கள். பாடத்தை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். அதனால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நான் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் போகிறேன்.

நம் பக்கத்தில் தலையில் எங்கே திட்டாக முடி போனாலும் அதற்குப் புழுவெட்டு என்று பெயர். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பார்கள். உண்மையான புழுவெட்டாக இருந்தால் பெரும்பாலும் தானாகவே முளைத்துவிடும், பெயர் மட்டும் வெங்காயத்துக்குப் போகும். தழும்பு வழுக்கை அப்படி விட்டுவிடாது. அதில் முடி முளைக்கிற குழியே அழிந்து, அந்த இடத்தில் தழும்பு வந்து உட்கார்ந்துவிடும். வெளிச்சத்தில் பார்த்தால் துவாரம் ஒன்றும் தெரியாமல் தோல் வழவழவென்று பளபளக்கும். இவர்கள் வெங்காயம் தேய்த்துக் காத்திருக்கும் மாதங்களில் அது பக்கத்து முடிக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். உச்சியில் தொடங்கி, ஓரத்து முடி ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய செதில் சட்டைக் காலர் மாதிரி சுற்றியிருந்தால் ஒரு நோய். நெற்றிக்கோடு பின்வாங்கிக்கொண்டே போய், கூடவே புருவமும் மெலிந்தால் அதற்குத் தங்கை. நடுவில் வெளுத்து, ஓரம் கறுத்து, துவாரங்களில் செதில் அடைத்திருந்தால் காது மடலின் குழியைப் பார்க்காமல் ஆளை அனுப்பாதீர்கள், அங்கேயும் அது இருக்கும். ஒரே குழியிலிருந்து நாலைந்து முடி கொத்தாகக் கிளம்பி, சுற்றிலும் சீழ் கட்டினால் அது வேறு கதை. இன்னொரு வகைக்கு, பனியில் பதிந்த காலடி போல இருக்கும் என்று ஆங்கிலப் புத்தகம் சொல்லும். திருத்தணி வெயிலில் நான் பனிக்கு எங்கே போவேன்? வெண்ணெயில் விரலை அழுத்தி எடுத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் சிவப்பு என்று சொல்லும் இடத்தில் நம் தோலில் கத்தரிப்பூ நிறத்தைத் தேடுங்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் அதிகம் பேசமாட்டார். "நடுவுல செத்துப்போச்சு, அங்க என்ன தேடற? ஓரத்தைப் பாரு" என்பார். தோலில் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதானாலும் நோய் நகர்ந்துகொண்டிருக்கும் ஓரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நடுவில் எடுத்து அனுப்பினால் தழும்பு என்று பதில் வரும். அது நமக்கே தெரியும்.

பாடம் அவ்வளவுதான். இனி அவள்.

கோமளா என்று பெயர் வைத்துக்கொள்கிறேன், உண்மைப் பெயர் வேண்டாம். பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே தறி ஓட்டுகிற குடும்பம். முப்பதைத் தாண்டியவள். ஒரு வெள்ளிக்கிழமை, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்தபோது இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல் தெரிந்தது. பிறகு உச்சி தெரிந்தது.

"புழுவெட்டுங்க. வெங்காயம் தேச்சிகினுதான் இருக்கேன். எரிச்சல்தான் ஜாஸ்தியாச்சு."

"அரிக்குதா, எரியுதா?"

"எரியுதுங்க. சீப்பு பட்டாவே உயிர் போவுது."

விலக்கிப் பார்த்தேன். உச்சியில் வழவழவென்று இரண்டு திட்டுகள். ஓரத்து முடிகளின் அடியில் அந்தக் காலர், சுற்றிலும் கத்தரிப்பூ நிறம். ஓரத்தில் லேசாக இழுத்ததும் நாலைந்து முடி வேரோடு கையில் வந்தது. காதுக் குழி சுத்தமாக இருந்தது. இந்த நோய் வாய்க்குள்ளும் வரும் என்பதால் வாயைத் திறக்கச் சொன்னேன். கன்னத்தின் உள்பக்கம் மெல்லிசாக வெள்ளைக் கோலம் போட்டிருந்தது. சந்தேகத்துக்கு அதிக இடம் இல்லை.

ஆனால் என் கண் அவள் பின்னலில் நின்றது. வெள்ளிக்கிழமை, கழுத்தில் தாலி, இவ்வளவு நீளப் பின்னல், ஒரு முழம் பூ இல்லை. நம் பக்கத்தில் அப்படி யாரும் வீட்டு வாசல் தாண்ட மாட்டார்கள்.

"பூ வைக்கறது இல்லையாம்மா?"

"பின்னு குத்த முடியலைங்க. பூவோட வெயிட்டக்கூட தாங்க மாட்டேங்குது. போன வருசமே நிறுத்திட்டேன்."

இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியிடம் என்ன செய்கிறது என்று கேட்பதோடு நிற்காதீர்கள். எதை நிறுத்தினாய் என்று கேளுங்கள். அவள் பூவை நிறுத்திய அன்றைக்கே நோய் வேலையைத் தொடங்கிவிட்டது. வழுக்கை அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது.

ஓரத்தில் ஒரு சின்னத் துணுக்கு எடுக்க வேண்டும், சுற்றிலும் கொஞ்சம் முடியைக் கத்தரிக்க வேண்டியிருக்கும் என்றேன். இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"கத்திரி படக்கூடாதுங்க. இது சாமிக்கு விட்ட முடி."

பிறகு கதை வந்தது. சில வருடங்களுக்கு முன் அவள் கணவனுக்கு மஞ்சள்காமாலை முற்றி, அரக்கோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். அவன் பிழைத்து எழுந்தால் இரண்டு பேரும் ஒன்றாக வந்து மலையில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். பிழைத்துவிட்டான். ஆனால் மலை ஏறுவதற்குள் குவைத்தில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டான். அன்றிலிருந்து அவள் முடி சாமியுடையது. அவன் வருகிற வரை அதில் கத்தியோ கத்திரியோ படக்கூடாது.

"பாவா வர்ற வரைக்கும் நிக்குமாங்க இது?" என்று கேட்டாள். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் நெசவு வீடுகளில் அத்தை மகனைப் பாவா என்பார்கள், கணவனையும் பாவா என்பார்கள். அவளுக்கு இரண்டும் ஒரே ஆள். "பாதித் தலைய எப்பிடிங்க சாமிக்குக் குடுக்கறது?"

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. வீடியோ போட்டா நெத்தி வரைக்கும்தான் காட்டுவேன். முந்தானைய இழுத்து வுட்டுக்குவேன்."

"ஏம்மா?"

பின்னலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நல்ல தலையப் பாத்துட்டுப் போனாருங்க," என்றாள்.

துணுக்கு எடுக்காமல் பலமான மருந்தைத் தொடங்காதே என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சரியான பாடம்தான். ஆனால் அன்றைக்கு நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அவள் முந்தானையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள், வெங்காயத்திடம் திரும்பிப் போயிருப்பாள். ஓரமும் வாயும் காதும் சொன்னது போதும் என்று முடிவு செய்தேன். மற்ற சந்தேகங்களுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினேன். கண்ணைப் பாதிக்கக்கூடிய மாத்திரை என்பதால் முதலில் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வரச் சொல்லி அந்த மாத்திரை, தடவ மருந்து, ஓரத்தில் போட ஊசி.

"ஊசி பரவாயில்லையா? அதுக்கும் சாமி ஒத்துக்கணுமே."

"ஊசி வெட்டாதுங்களே," என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சிரிப்பு அடங்குமுன் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட்டேன். போன இடத்தில் முடி வராது. இருக்கிற இடத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், அதற்கும் உத்தரவாதம் தர முடியாது. அழுதாள். இதைச் சொல்லத் தயங்கி, பார்க்கலாம், வளரும் என்று மழுப்புகிற டாக்டர்கள் நிறைய. அப்படி மழுப்பினால் நோயாளி போன இடத்தையே தடவிக்கொண்டிருப்பாள், இருக்கும் இடத்தைக் கவனிக்க மாட்டாள்.

மாதாமாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். முதலில் எரிச்சல் குறைந்தது. பிறகு காலர் உதிர்ந்தது. கத்தரிப்பூ நிறம் மங்கியது. ஓரத்தில் இழுத்தால் முடி கையோடு வரவில்லை. திட்டு அதே அளவில் நின்றது. எனக்குச் சந்தோஷம். அவளோ ஒவ்வொரு தடவையும் போகும்போது முந்தானையைச் சரியாக இழுத்து விட்டுக்கொண்டுதான் படி இறங்குவாள். பூ மட்டும் வைக்கவில்லை. பயம் போகவில்லை.

அடுத்த வருடம் ஆடிக் கிருத்திகைக்குக் கொஞ்ச நாள் முன்பு, பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்த ஒரு காலையில், வெளிநாட்டு எண்ணிலிருந்து ஃபோன் வந்தது.

"குவைத்லேர்ந்து பேசறேங்க. பொதட்டூர்பேட்ட கோமளா ஊட்டுக்காரன். அவ உங்ககிட்ட வந்துகினு இருக்கான்னு என் தம்பி சொன்னான். பஸ்ஸுக்கு நிக்கறப்ப பாத்தானாம். போர்டுல நம்பர் இருந்துச்சாம்."

"எங்கிட்ட யார் வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு நான் யாருக்கும் சொல்றது இல்ல தம்பி. கட்டினவரா இருந்தாலும்."

"நோவு இன்னான்னு கேக்கலைங்க. ஒண்ணே ஒண்ணு. அவ பூ வைக்கறத நிறுத்திட்டா. ஃபோன்ல மொகத்த பாதி மூடிகினு பேசறா. கேட்டா வச்சிடறா. எம்மேல வெறுத்துப்போச்சா? இல்ல நான் செத்தவன் மாதிரின்னு முடிவு பண்ணிட்டாளா?"

நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன். எங்கிருந்தோ ஒரு மிஷின் ஓடும் சத்தம் அவன் குரலுக்குப் பின்னால் கேட்டது.

"லீவு வந்துருக்குதுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணுமா வேணாவான்னு சொல்லணும். வேணான்னா இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டு என்னய இங்கயே போட்டுடுவாங்க. போன தடவையும் குடுத்தாங்க. நாந்தான் வேணாம்னுட்டேன். கம்பெனி தரலன்னு ஊட்ல சொல்லிட்டேன். வேணாம்னு நெனைக்கறவ கிட்ட போயி இன்னாத்துக்கு நிக்கறதுங்க?"

ஒரே வரி. பின் குத்தினால் வலிக்கிறது, அதனால் பூ வைக்கவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவன் அந்த நிமிடமே லீவு கேட்டிருப்பான். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்குவது எனக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் அவள் வருடக்கணக்காக முந்தானைக்குள் வைத்திருந்ததை நான் எப்படி ஃபோனில் அவிழ்ப்பது? இன்னொன்றும் நினைத்தேன். இவன் குரல் நல்ல குரல்தான். ஆனால் குரலை மட்டும்தான் எனக்குத் தெரியும். அவள் தலையை இவன் எப்படிப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"நீங்க இப்ப கேட்டதை, லீவு விஷயத்தையும் சேர்த்து, அவங்ககிட்ட சொல்லலாமா?" என்று கேட்டேன். அவன் ரகசியத்துக்கும் அனுமதி வேண்டும் அல்லவா.

"சொல்லுங்க," என்றான்.

உடனே கோமளாவுக்குப் போட்டேன். எடுத்தாள், தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. யாருங்க, யாருங்க என்றாள். நான் கத்திச் சொன்னேன். அவர் பேசினார் என்று சொன்னேன். என்ன கேட்டார் என்று ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சாயங்காலத்துக்குள் என்பதையும் சொன்னேன். நடுவில் எப்போதோ தறி நின்றுவிட்டது.

"செத்தவன் மாதிரின்னா கேட்டாரு?"

"ஆமாம்மா. நான் ஒண்ணும் சொல்லலை. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்."

ஃபோன் அறுந்தது. தலையில் படர்தாமரையோடு ஒரு குழந்தை என் முன்னால் வந்து உட்கார்ந்தது. கை தலையைப் பார்த்தது, மனசு பொதட்டூர்பேட்டையில் இருந்தது. அன்றைக்கும் மறுநாளும் இரண்டு பேரும் எனக்கு ஃபோன் செய்யவில்லை. நம் வேலையில் இந்த மாதிரிக் காத்திருப்பும் உண்டு. நாம் செய்தது சரியா என்று கேட்க ஆளே இருக்காது.

நீங்கள் கேட்கப்போவதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். துணுக்கு எடுத்தேன். ஆடிக் கிருத்திகை கழிந்ததும், வேண்டுதல் முடிந்த தலையில், ஓரத்தில் எடுத்தேன். நான் நினைத்த நோயேதான். மழித்த தலையில் சந்தனத்தைத் துடைத்தபோது, குழி உயிரோடு இருக்கும் இடமெல்லாம் பச்சை நிழல் ஓடியது, திட்டு இரண்டு மட்டும் நிழலில்லாமல் வெளுத்துத் தெரிந்தன. நோயின் எல்லை முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிற அந்தக் காட்சி பெரிய ஊர் டாக்டர்களுக்குச் சுலபத்தில் கிடைக்காது. பிறகு வளர்ந்த முடி திட்டுகளைத் தவிர எங்கும் நன்றாகவே வளர்ந்தது. லீவு முடிந்து அவன் திரும்பக் குவைத்துக்குப் போனான். நான் கிளினிக்கை மூடும் வரை அவள் வந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்காகப் படியைப் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. இப்போது பார்க்கப் படியும் இல்லை.

நான் சொல்ல வந்தது கிருத்திகைக்கு முந்தின நாள் சாயங்காலத்தை.

தெருவெல்லாம் காவடி. பம்பைச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. நான் சீக்கிரம் மூடிவிடலாம் என்று எழுந்தபோது படியில் இரண்டு பேர் ஏறி வந்தார்கள். முன்னால் கோமளா. பின்னால் ஒல்லியாக, வெயிலில் கறுத்த ஒருவன், கையில் வாழை இலைப் பொட்டலம். அவள் தலையில் முந்தானை இல்லை.

"அன்னிக்கே வீடியோல காட்டிட்டேங்க," என்றாள் அவள். "திட்ட, ஓரத்த, எல்லாத்தையும். முழுசா பாத்தாரு. அப்புறம், இதுக்காடீன்னாரு. அவ்ளோதான். டக்குனு வச்சிட்டாரு. கோவம்னு நெனச்சேன். லீவு கேக்கப் போயிருக்காரு."

அவன் என்னைப் பார்க்காமல் பொட்டலத்தைப் பிரித்தான். மலையடிவாரத்தில் வாங்கிய மல்லிகை, நெருக்கமாகக் கட்டியது. அறை முழுக்க மணந்தது.

"நாளைக்குக் காலைல முடி இறக்கறோம் டாக்டரம்மா," என்றான். "இன்னிக்கு ஒரு சாயங்காலம் பூ வச்சி பாக்கலாங்களா? பின்னு குத்துனா வலிக்குமா?"

எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். எண்ணெய் வைக்கலாமா, சாயம் பூசலாமா, கல்யாணத்துக்குள் வளருமா என்று. இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கட்டைவிரல்களால் வகிட்டை விலக்கி, ஓரம் முழுக்க மெதுவாக அழுத்திக்கொண்டு வந்தேன். எங்கேயும் வலி இல்லை என்றாள். காதுக்குப் பின்னால், பிடரிக்குச் சற்று மேலே, முடி அடர்த்தியாக இருக்கும் இடத்தில் விரலை வைத்து அவனுக்குக் காட்டினேன்.

"இங்க குத்துங்க. இதுக்கு மேல வேண்டாம்."

ஹேர்பின்னை வாயில் கவ்விக்கொண்டு, பூச்சரத்தை மடித்து, அவன் அந்த இடத்தைத் தேடினான். அவள் தலையைக் குனிந்து அசையாமல் நின்றாள். கீழே பம்பைச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல பாவா," என்றாள். "இன்னும் கொஞ்சம் கெட்டியா குத்து."